அடி அடுக்கிலிருந்து வரும் பதில்

பாப்பா, போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். நீ சமையல் மேடைக்குக் கீழே உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாய். தலையைத் தூக்காமலேதான் கேட்டாய்.

"ப்பா, நான் சின்னப் புள்ளையா இருந்தப்ப அம்மா என்னை எந்த இடுப்புல வெச்சிக்கும்? இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

நான் கையைத் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். யோசித்தேன் என்று சொல்ல முடியாது. யோசிக்க வேண்டுமானால் உள்ளே ஏதாவது அசைய வேண்டும். ஒன்றும் அசையவில்லை.

"தெரியலம்மா" என்றேன்.

கொஞ்ச நாள் கழித்து, தலை வாரும்போது அதையே மறுபடியும் கேட்டாய். இந்தத் தடவை நான் நிற்கக்கூட இல்லை. "தெரியலன்னு சொன்னேன்ல" என்று உடனே சொல்லிவிட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. சீப்பில் சிக்கு எடுத்துக்கொண்டேதான் சொன்னேன்.

அதற்குப் பிறகு நீ கேட்கவில்லை. அந்தக் கேள்வியை மட்டும் அல்ல. அம்மாவைப் பற்றி எந்தக் கேள்வியையும் கேட்கவில்லை. நீ கேட்பதை நிறுத்திவிட்டாய் என்பதே எனக்குப் பல மாதம் தெரியவில்லை. அது எப்படித் தெரிந்தது, பதில் எங்கே இருந்தது, அது வர ஏன் இத்தனை காலம் ஆனது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதைச் சொல்ல வேண்டுமானால் என் வேலையையும் சொல்ல வேண்டும்.

தம்பி, பாப்பாவுக்கு மூத்தவன் நீ, நீயும் படி. பள்ளிக்கூடத்தில் "அப்பா என்ன செய்கிறார்" என்று கேட்டதற்கு நீ "வூட்லதான் சார் இருக்காரு" என்று சொன்னாயாம். வாத்தியார் என்னைக் கடைத்தெருவில் பார்த்து, "வேலைக்கு ஏதாவது ஏற்பாடு பண்ணட்டுமா?" என்று பரிவோடு கேட்டார். உரக்கடை மாடியில் நான் வாடகைக்கு எடுத்திருக்கும் அறையை நீ பார்த்திருக்கிறாய். மேசை, இரண்டு திரை, ஒரு இன்வெர்ட்டர், கீழேயிருந்து எந்நேரமும் ஏறி வரும் யூரியா வாசம். அங்கே உட்கார்ந்து நான் என்ன செய்கிறேன் என்று நான் உனக்குச் சொன்னதில்லை. அது என் பிசகு.

நான் பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. போனவன். சென்னையில் கம்ப்யூட்டர்களை அடுக்கி வைத்திருக்கும் ஒரு பெரிய குளிர் அறையில், கெட்டுப்போன டிஸ்கைக் கழற்றிப் புது டிஸ்க் மாட்டும் ஆளாகச் சேர்ந்தேன். வெளியே வெயில் கொளுத்தும். உள்ளே ஜெர்கின் போட்டுக்கொண்டு நிற்பேன். மாட்டுகிற வேலையிலிருந்து, எதை எங்கே மாட்டுவது என்று யோசிக்கிற வேலைக்கு வந்தேன். அதற்குப் பல வருஷம் ஆனது. இங்கிலீஷ் புத்தகம் எனக்குப் பாதிதான் புரியும். ஆனால் எந்தப் பெட்டி எவ்வளவு வேகம், எது எப்போது திணறும் என்று கைக்குத் தெரியும். பிறகு அதே கம்பெனி, ஊரிலிருந்தே பார்க்கலாம் என்றது. உங்கள் அம்மாவுக்கும் சென்னைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. கள்ளக்குறிச்சிக்கு வந்துவிட்டோம்.

இப்போது வேலை என்னவென்று சொல்கிறேன். லாரி, பஸ், பள்ளிக்கூட வேன் எல்லாவற்றிலும் ஒரு சின்னப் பெட்டி மாட்டியிருப்பார்கள். நான் இங்கே இருக்கிறேன், இவ்வளவு வேகத்தில் போகிறேன் என்று அது சில நொடிக்கு ஒரு தடவை சொல்லிக்கொண்டே இருக்கும். நாடு முழுக்க இருக்கிற வண்டிகள் ஒரே நேரத்தில் கத்துவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சத்தம் எல்லாம் எங்களிடம் வந்து விழும். ஒன்றையும் விடாமல் எழுதி வைக்க வேண்டும். யாராவது கேட்டால் உடனே எடுத்துத் தர வேண்டும்.

எல்லாவற்றையும் வேகமான இடத்திலேயே வைத்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். வேகமான இடம் சின்னது, விலையும் ஜாஸ்தி. அதனால் அடுக்கு அடுக்காக வைப்போம். நம் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். என் சட்டைப்பையில் பேனாவும் போனும் இருக்கும். கையை விட்டால் வந்துவிடும். அலமாரியில் துணி இருக்கிறது. எழுந்து போக வேண்டும். பரண்மேல் பழைய குக்கரும் உங்கள் தொட்டில் கம்பும் இருக்கின்றன. ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். அதையும் தாண்டி வெள்ளிமலையில் உங்கள் மாமன் வீடு. அங்கே நம் கட்டில் ஒன்று கிடக்கிறது. அதை எடுக்க வேண்டுமென்றால் கச்சிராயபாளையம் போய், மலைப்பஸ் பிடித்து, இறங்கி வர ஒரு பகல் போய்விடும்.

கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். மேலே மெமரி. அதன்கீழ் சுழலாத டிஸ்க். அதன்கீழ் சுழலுகிற டிஸ்க். எல்லாவற்றுக்கும் அடியில் டேப். பாட்டுக் கேசட் மாதிரி, கொஞ்சம் தடிமனானது. அலமாரி நிறைய அடுக்கி வைத்திருப்பார்கள். ஒரு இரும்புக் கை தண்டவாளத்தில் ஓடி, கேட்ட கேசட்டை உருவி, படிக்கிற பெட்டியில் செருகும். நான் அதைப் பார்த்துக்கொண்டு சாப்பாட்டு நேரத்தைத் தாண்டி நின்றிருக்கிறேன். அது அவசரமே படாது.

எது மேலே இருக்கும், எது கீழே போகும்? கேட்கப்படுவது மேலே இருக்கும். கேட்கப்படாதது கீழே இறங்கும். யாரும் முடிவு பண்ணுவதில்லை. கேள்வி வராமல் நாள் போனால் தானாக இறங்கிவிடும்.

இறங்குவதிலும் ஒரு முறை இருக்கிறது. ஒவ்வொன்றாகக் கீழே அனுப்பினால் கட்டாது. வெள்ளிமலையில் ஜீப்பு ஆள் சேராமல் கிளம்புமா? டிரைவர் டீயைக் குடித்துவிட்டு, டயரை உதைத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு பேரு" என்று நிற்பான். அப்படித்தான். பக்கத்துப் பக்கத்து விஷயங்களை ஒரே மூட்டையாகக் கட்டித்தான் கீழே இறக்குவோம். அதனால் அங்கிருந்து ஒன்றைக் கேட்டாலும் ஒன்று மட்டும் வராது. மூட்டையோடுதான் மேலே வரும்.

இவ்வளவுதான் என் வேலை.

அம்மா போன பிறகு நான் இந்த வேலையை ஒரு நாளும் நிறுத்தவில்லை. காரியம் முடிந்த மறுநாளே மாடிக்குப் போய்விட்டேன். "மனசைத் தேத்திக்கினு வேலைக்குப் போயிட்டான் பாரு" என்று தெருவில் பேசினார்கள். தேற்றிக்கொள்ள ஒன்றும் இல்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போடுவார்களே, கன்னம் நம்முடையதாகவே இருக்காதே, அந்த மாதிரி எல்லாம் இருந்தது. டீ வாங்கி வைப்பேன். ஆடை படிந்துவிடும். அதைப் பார்ப்பேன். கொட்டிவிட்டுத் தம்ளரைக் கழுவுவேன்.

வடக்கனந்தலிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்து அழுதார்கள். நான் அவர்களுக்கு மோர் கொடுத்தேன். ஒரு அத்தை, "கல்லு மாதிரி கீறானே" என்று என் காதுபடவே சொன்னாள். சரியாகத்தான் சொன்னாள். எனக்கு அவள்மேல் வருத்தம்கூட வரவில்லை.

வீட்டில் யாரும் அம்மா பேச்சை எடுக்க மாட்டோம். பிள்ளைகள் ஏங்கிப்போகும், பேசாதே என்று எல்லாரும் சொன்னார்கள். நல்லதற்குத்தான் சொன்னார்கள். தம்பி, நீயும் பேச மாட்டாய். பாப்பா மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா ஏன் காபி குடிக்காது, அம்மா ஊருக்கு அந்தப் பேர் ஏன் என்று. நான் தெரிந்ததைச் சொன்னேன். தெரிந்தது நாளுக்கு நாள் கம்மியாகிக்கொண்டே வந்தது. அப்புறம்தான் அந்த இடுப்புக் கேள்வி.

ஒரு காலை, சென்னையிலிருந்து மேடம் போன் செய்தார். எங்கள் குழுவுக்குத் தலைமை. என்னைவிடச் சின்ன வயசு, நன்றாகப் படித்தவர். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார்.

"அண்ணா, உங்க ஊர்ல கரண்ட் இருக்கா? இல்ல மழையோட அதுவும் போயிடுச்சா?"

"இருக்குதுங்க மேடம்."

"அப்ப ஒண்ணு பாருங்க. ஒரு லாரிக்காரர் ரொம்ப நாளா விட்டு விட்டுக் கேட்டுக்கிட்டே இருக்கார். அவரோட டிரைவர்மேல ஏதோ கேஸ். அன்னிக்கி அந்த ரோட்டுல வண்டி போகவே இல்லன்னு காட்டணுமாம். நம்ம சிஸ்டம் அந்த நாளுக்குப் பதிவே இல்லைங்குது."

"ரொம்பப் பழசுங்களா?"

"ரொம்ப. டேப்ல இருக்கணும். ஆனா இல்லைன்னு வருது. அதுவும் எவ்வளவு சீக்கிரம் வருது தெரியுமா? கேட்டு முடிக்கறதுக்குள்ள 'இல்லை'. நீங்க பண்ணினதுலயே அதுதான் ரொம்ப வேகம் போல."

கிண்டல்தான். ஆனால் அந்தப் பேச்சு என்னைப் பிடித்துக்கொண்டது. டேப்பில் இருக்கிற ஒன்றைப் பற்றி அத்தனை வேகத்தில் யாரும் பதில் சொல்ல முடியாது. இருந்தாலும் சொல்ல முடியாது, இல்லாவிட்டாலும் சொல்ல முடியாது. இரும்புக் கை ஓடிப் போய்ப் பார்க்க வேண்டாமா?

அன்று முழுக்க அதைப் பார்த்தேன். மேடமும் அந்தப் பக்கத்தில் பார்த்தார். மத்தியானம் அவர்தான் கண்டுபிடித்தார்.

"அண்ணா, கேள்வி கீழ போகவே இல்ல."

"இன்னா மேடம் சொல்றீங்க?"

"முதல் தடவை போயிருக்கு. டேப் வர நேரம் ஆச்சு. மேல் அடுக்கு கொஞ்ச நேரம் பார்த்துட்டு, பதில் வரலைன்னதும் 'இல்லை'ன்னு சொல்லிடுச்சு. அதோட விடல. அந்த 'இல்லை'யை மெமரியிலயே எழுதி வெச்சுக்கிச்சு. அடுத்த தடவை அவர் கேட்டப்ப, கீழ யாரையும் கேக்கல. வெச்சிருந்த 'இல்லை'யைத் தூக்கிக் குடுத்துடுச்சு. அவர் கேக்கக் கேக்க அது மேலயேதான் இருக்கும். நல்லா வேலை செய்யுது, போங்க."

அது நான் எழுதிய விதி. ஏன் எழுதினேன் என்றும் சொல்லிவிடுகிறேன். இல்லாத வண்டி, தப்பான நம்பர் என்று நிறையப் பேர் கேட்பார்கள். அதற்கெல்லாம் ஒவ்வொரு தடவையும் கீழே வரைக்கும் போய்த் தேடினால் மற்றவர்கள் வேலை நின்றுவிடும். அதனால் ஒரு தடவை இல்லை என்று தெரிந்தால் அதை ஞாபகம் வைத்துக்கொள் என்று எழுதினேன். அது நல்ல விதிதான். அடியில் டேப்பைச் சேர்த்தபோது ஒன்றை யோசிக்கவில்லை. பதில் வர நேரமாவதும் பதில் இல்லாததும், மேலே நிற்பவனுக்கு ஒரே மாதிரிதான் தெரியும்.

"அப்ப அந்தப் பதிவு இருக்குதுங்களா?"

"இருக்குண்ணா. மேல் அடுக்கை விட்டுட்டு நேரா டேப்பையே கேட்டு எடுத்தேன். கேசட் வந்து, செருகி, ஓடி, இப்பத்தான் வந்துச்சு. வண்டி அன்னிக்கி களமருதூர் பக்கம் நெல்லு ஏத்திக்கிட்டு நின்னுருக்கு. அந்த டிரைவர் சொன்னது நிஜம்தான்."

நான் சரி என்று சொல்லியிருப்பேன். நினைவில்லை. மேடம், "அண்ணா, லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டது மட்டும் நினைவிருக்கிறது.

திரையில் அந்த வரி இருந்தது. முதல் தடவை கேட்டது, நேரமாகி, இல்லை. இரண்டாம் தடவை கேட்டது, உடனே, இல்லை. அதன்பிறகு அந்த லாரிக்காரர் கொஞ்ச காலம் கேட்கவே இல்லை.

அப்போதுதான் தெரிந்தது, நீ கேட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று. நான் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு "தெரியலன்னு சொன்னேன்ல" என்றதும் நினைவுக்கு வந்தது.

இந்த இடத்தில் நான் அழுதேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அழவில்லை. கீழே உரக்கடைக்காரர் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். ஜன்னலைச் சாத்தினேன். பயம் மட்டும் ஒரு நூல் மாதிரி இருந்தது. ஊசி போட்ட கன்னத்தில் ஒரு இடத்தில் மட்டும் சுருக்கென்கிற மாதிரி. கேட்கப்படாதது கீழே போகும். நீ கேட்பதை நிறுத்திவிட்டாய். உன்னிடம் இருக்கிற அம்மாவும் இறங்கிக்கொண்டே போவாள். நீ இரண்டாம் வகுப்பு. உன்னிடம் இருந்ததே கொஞ்சம்.

விதியை மாற்றினோம். முன்பு இரண்டே பதில்தான். 'இந்தா' அல்லது 'இல்லை'. இப்போது மூன்று. மூன்றாவது, 'இருக்கிறது, எடுத்து வருகிறோம், இருங்கள்'. அப்படிச் சொல்ல மேல் அடுக்குக்கு ஒன்று தெரிய வேண்டும். பொருள் கையில் இல்லாவிட்டாலும் அது எந்தக் கேசட்டில் கிடக்கிறது என்ற குறிப்பாவது இருக்க வேண்டும். குறிப்புக்கு இடம் அதிகம் வேண்டாம். பொருளைக் கீழே இறக்கினாலும் குறிப்பை இறக்காதே என்று எழுதினோம். மேடம் சரிபார்த்துவிட்டு, "நல்லா இருக்குண்ணா. இனிமே பொய் சொல்லாது" என்றார்.

வீட்டுக்கு வந்து நான் ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்வது? நீ கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. வெறுங்கையோடு போய், மறுபடியும் கேள் என்று எப்படிச் சொல்வது? சாப்பிட உட்கார்ந்தபோது உன் இடுப்பைப் பார்த்தேன். என் இடுப்பைப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. ஆனால் ஒன்று மாறியிருந்தது. வரவில்லை என்றுதான் நினைத்தேன். இல்லை என்று நினைக்கவில்லை.

கொஞ்ச நாளில் சாமை அறுப்பு வந்தது. உங்கள் மாமன், அம்மாவுக்கு அடுத்துப் பிறந்தவன், போன் செய்தான். உங்களுக்கே தெரியும், அவனுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. மலையில் ஜீப் ஓட்டி ஓட்டி, எல்லாரும் என்ஜினுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்று நினைப்பு.

"மாமா! புள்ளைங்கள கூட்டிகினு வா! எங்கக்கா இல்லன்னா மலைக்கு வழி மறந்து பூடுச்சா?"

"வரோம் மச்சான்."

"எப்பன்னு கேட்டா நாளைக்கும்ப. நாளைக்குக் கேட்டா நாளைக்கும்ப. உன் கம்ப்யூட்டருகூட உன்னைவிட வேகமா பேசுமே!"

"ஞாயித்துக்கிழம வரோம்."

போனோம். பஸ்ஸில் நீங்கள் இருவரும் ஜன்னலுக்குச் சண்டை போட்டீர்கள். எனக்கு முன்னால் ஒரு பெண் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்து நின்றாள். எழுந்து இடம் கொடுத்தேன். நின்றுகொண்டே அவளைப் பார்த்தேன். வளைவுக்கு வளைவு குழந்தையை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டாள். எல்லாரும் அப்படித்தானோ என்னவோ, பதிலே கிடையாதோ என்று தோன்றியது.

மாமனிடம் கேட்டேன். நீங்கள் களத்துப் பக்கம் போயிருந்தீர்கள்.

"உங்கக்கா பாப்பாவ எந்த இடுப்புல வெச்சிக்கும்?"

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "நீதான் அதுக்குப் புருசன். என்னைக் கேக்கற?"

"ஞாபகம் இல்ல மச்சான்."

கிண்டல் பண்ணப் போகிறான் என்று நினைத்தேன். பண்ணவில்லை. பீடியைக் காதிலிருந்து எடுத்து, பற்ற வைக்காமல் மறுபடியும் காதிலேயே செருகிக்கொண்டான்.

"எனக்கும் இல்ல மாமா. இடதுன்னு நெனைக்கிறேன். என்னைத் தூக்கிகினு திரிஞ்சது இடதுலதான். நான் கனமா இருப்பனாம். அதனாலதான் அக்கா கோணலா நடக்குதுன்னு எங்கம்மா என்னைத்தான் ஏசும்."

"உன்னைத் தூக்குனா யாரும் கோணலாத்தான் நடப்பாங்க."

"அட! பேசறியே மாமா! வாய் இருக்குது உனக்கு!"

அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. மாமனின் மனைவி குடங்களை எடுத்துக்கொண்டு போனாள். பாப்பா, நீயும் ஒரு சின்னப் பிளாஸ்டிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாய். நிறைத்துக்கொண்டு வரும்போது அதை இடது இடுப்பில் சாய்த்து, வலது கையை வீசி வீசி நடந்து வந்தாய். பாதித் தண்ணீர் பாவாடையில்தான். மாமன், "பாரு பாரு, பெரிய மனுசி வராங்க, வழி வுடு!" என்று கோழிகளை விரட்டினான். எல்லாரும் சிரித்தார்கள். நான் பார்த்தேன். அப்போதும் எனக்கு ஒன்றும் வரவில்லை. சத்தியமாக ஒன்றும் வரவில்லை. சாப்பிட்டேன். சாமைச் சோறு, அவரைக்கொட்டைக் குழம்பு. நன்றாக இருந்தது என்று சொன்னேன். நன்றாக இருந்ததா என்று தெரியாது.

சாயங்காலம் இறங்க, பஸ் வரவில்லை. மாமன் ஜீப்பில் ஏறினோம். ஆள் சேர வேண்டுமே. சொந்த மாமனாக இருந்தாலும் ஆள் சேராமல் எடுக்க மாட்டான். "இன்னும் ரெண்டு பேரு" என்று டயரை உதைத்தான். ஒரு கிழவர் பலாப்பழத்தோடு ஏறினார். பிறகு ஒரு பெண் ஏறினாள். கிளம்பினோம்.

நாலைந்து வளைவு தாண்டியிருக்கும். நான் எதையும் நினைத்துக்கொண்டிருக்கவில்லை. பலாப்பழம் ஒவ்வொரு திருப்பத்திலும் உருண்டு வந்து என் காலில் இடித்தது. அதைக் காலால் தடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது அது வந்தது.

நான் ஒரு ஒற்றையடிப் பாதையில் உங்கள் அம்மாவுக்குப் பின்னால் நடக்கிறேன். அதே குழாயிலிருந்துதான். அம்மாவின் இடது இடுப்பில் குடம். இடது பக்கத்துச் சேலை முழுக்க நனைந்து, காலோடு ஒட்டியிருக்கிறது. வலது இடுப்பில் நீ. நீ பின்னால் திரும்பி, அம்மாவின் வலது தோளுக்கு மேலே என்னைப் பார்க்கிறாய். வாயில் விரல். குடத்துக்கு இடது பக்கம் பழக்கப்பட்டது. அந்த இடத்தைக் குடம் யாருக்கும் விட்டுக்கொடுக்காது. உனக்கு எப்போதும் வலதுதான். குடம் இல்லாத போதும் வலதுதான். சென்னையில் குடமே தூக்கவில்லை. அங்கேயும் வலதுதான். அது மட்டும் வரவில்லை. மூட்டையோடு வந்தது. நனைந்த சேலையின் நிறம் வந்தது. கத்திரிப்பூ நிறம். "குடத்தையாவது குடேன்" என்று நான் சொன்னது வந்தது. "ஆம்பள குடம் தூக்குனா ஊரு சிரிக்கும், நீ புள்ளையைத் தூக்கு" என்று அவள் சொன்னது வந்தது. நீ என்னிடம் வர மாட்டேன் என்று அழுதது வந்தது.

காலையில் உன் இடுப்பில் குடத்தைப் பார்த்ததுதான் கேள்வி போலிருக்கிறது. கீழே போய், தேடி, எடுத்து, மேலே வர அவ்வளவு நேரம் ஆயிருக்கிறது. நான்தான் சாப்பாட்டு நேரத்துக்குள் பதில் வரவில்லை என்று எழுந்துவிட்டேன்.

"பாப்பா."

நீ ஜன்னலில் இருந்தாய். "இன்னாப்பா?"

"வலது."

"இன்னா வலது?"

"அம்மா உன்னை வலது இடுப்புலதான் வெச்சிக்கும். இடது பக்கம் கொடம் இருக்கும்."

என் குரல் கொஞ்சம் உரக்க வந்துவிட்டது. ஜீப்பில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். கியரை மாற்றி வேகத்தைக் குறைத்தான்.

எந்தக் கேள்வி என்று உனக்கு நினைவு இருக்கிறதா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. நீ உன் வலது கையை மெதுவாகத் தூக்கி, பக்கத்தில் யாரோ இருக்கிற மாதிரி காற்றில் வைத்துப் பார்த்தாய். பிறகு அதை மாற்றி, இடது கையை வைத்துப் பார்த்தாய்.

"அப்ப நான் அம்மாவ இந்தக் கையால புடிச்சிருப்பனா?"

"ஆமாம். அந்தக் கையாலதான்."

"ம்" என்றாய். மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாய்.

எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை. கை மட்டும் சூடாக இருந்தது. இருக்கையின் இரும்புக் கம்பியைப் பிடித்திருந்தேன், வெயில் பட்ட கம்பி. சூடு தெரிந்தது. அவ்வளவுதான். ஆனால் தெரிந்தது.

கோமுகி அணைத் தண்ணீர் தெரிகிற திருப்பத்தில் நீ திரும்பினாய்.

"அண்ணனை?"

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் பலாப்பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தது. எனக்கு ஒன்றும் வரவில்லை. பாதை இருந்தது, குடம் இருந்தது, நீ இருந்தாய். அதில் அவன் எங்கே என்று தெரியவில்லை.

தெரியல என்று நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது.

"இரும்மா" என்றேன். "இருக்குது. வரும்."

"எப்ப?"

"நேரமாவும். நீ கேட்டுக்கினே இரு."

"சரி" என்றாய். கச்சிராயபாளையம் வருவதற்குள் இரண்டு தடவை, "வந்துச்சாப்பா?" என்று கேட்டாய். வரவில்லை என்றுதான் இரண்டு தடவையும் சொன்னேன். மூன்றாம் தடவை நீ கேட்பதற்குள் தம்பி, பழத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "நான் நடந்து வந்தேன். அம்மா சேலையப் புடிச்சிகினு. ஈரமா இருக்கும்" என்றான்.